உங்க வீட்டுக்கு எந்தத் தண்ணி?

புதிதாக ஒரு வீட்டில் மீன்தொட்டி பார்க்கக் கூப்பிட்டால், நான் முதலில் போவது சமையலறைக்கு. குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடிப்பேன். "இது மெட்ரோ வாட்டரா, போர் தண்ணியா, லாரியா?" சென்னையில் பல வீடுகளில் இதற்கு உடனே பதில் வராது. வீட்டுக்காரர் மெட்ரோ என்பார். "மெட்ரோ காலையில ஒரு மணி நேரம்தானே, மத்ததெல்லாம் போர்தான்" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுப்பார். கீழே போய் வாட்ச்மேனைக் கேட்டால்தான் முழுக் கதையும் தெரியும். மூன்றும் ஒரே சம்பில்தான் விழுகின்றன. எந்த நாளில் எது அதிகம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

நான் கொளத்தூர்க்காரி. அப்பா வீட்டுப் பின்பக்கம் சிமெண்ட் தொட்டி கட்டி மோலியும் கப்பியும் பெருக்கி, அங்குள்ள மீன் கடைகளுக்குக் கொடுத்து வந்தார். நான் வீடுகளுக்கும் கிளினிக்குகளுக்கும் போய்த் தொட்டி பராமரிக்கிறேன். மீன் செத்துவிட்டால் மக்கள் கடைக்காரரைத் திட்டுகிறார்கள், தீனியை மாற்றுகிறார்கள், மருந்து ஊற்றுகிறார்கள். குழாய்த் தண்ணீரை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. நாம் குடிக்கிற தண்ணீர்தானே என்ற நம்பிக்கை. மனிதனுக்கு நல்ல தண்ணீர் என்பதும் மீனுக்கு நல்ல தண்ணீர் என்பதும் வேறு வேறு கணக்கு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குளோரினில் தொடங்குகிறேன். ஒரே ராத்திரியில் தொட்டியைக் காலி செய்வது அதுதான். குழாய் முனைக்கு வரும் குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரவிதி சொல்கிறது. காலராவும் டைஃபாய்டும் வராமல் காப்பது அந்தக் குளோரின்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாம் தண்ணீரைக் குடித்து வயிற்றுக்கு அனுப்புகிறோம். மீனோ இரவும் பகலும் அதைச் செவுள் வழியாக ஓட்டிக்கொண்டே இருக்கிறது. செவுளில் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய ஒரு தோல்தான். அந்த 0.2 மில்லிகிராமே பல மீன்களின் செவுளைப் புண்ணாக்கப் போதும்.

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி. ஒரு சாயங்காலம் போன் வந்தது: "மேடம், எல்லா மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது." அன்று காலையில்தான் தொட்டித் தண்ணீரில் கால்வாசியை மாற்றியிருக்கிறார்கள். வழக்கமாகச் செய்வதுதான். நான் போகும்போது செவுள் சிவந்து வீங்கியிருந்தது, உடம்பில் வெள்ளையாகச் சளி. குழாய்த் தண்ணீரில் குளோரின் பார்க்கும் சொட்டு மருந்தை விட்டேன். அடர் மஞ்சளாக மாறியது. விசாரித்தால், முந்தின நாள் சம்பைக் கழுவிவிட்டுப் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள். நல்ல வேலைதான், செய்ய வேண்டியதுதான். மீன் வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வளாகத்தில் இப்போது சம்பு கழுவும் தேதியை லிஃப்ட் பக்கத்தில் எழுதி ஒட்டுகிறார்கள்.

குளோரினுக்கு வழி எளிது. அகலமான டிரம்மிலோ வாளிகளிலோ தண்ணீரைப் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அப்பா காலம் முழுக்க அப்படித்தான் செய்தார். அவசரம் என்றால் கடையில் விற்கும் ஆன்ட்டி குளோரின். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்ஃபேட். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்வார்களே, அதே உப்பு. ஒரு மில்லிகிராம் குளோரினை அடக்க ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் ஹைப்போ படிகம் வேண்டும். லாரித் தண்ணீரில் சில நாள் குளோரின் வாசனை மூக்கைத் துளைக்கும். அன்றைக்கு வழக்கமான சொட்டுக் கணக்குப் போதாது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் பல நகரங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலக்கிறார்கள். அது ஒரு நாள் வைத்தால் போகாது. தயோசல்ஃபேட் போட்டால் குளோரின் பகுதி அடங்கி அம்மோனியா மிஞ்சும். அங்கே அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் மருந்தாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மீனோடு குளோரின் நிற்பதில்லை. ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாவையும் அது கொல்லும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் வளர்ந்து நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்து வெள்ளையாகும்வரை கசக்கிப் பிழிவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாக அலசி வையுங்கள், அழுக்காகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது போர் தண்ணீர். இங்கேதான் சென்னையின் உண்மையான சிக்கல் இருக்கிறது. நல்லவேளையாக இதில் குளோரின் கிடையாது. ஆனால் உப்பு இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்துக் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைக் காட்டும். குடிநீரில் 500 பி.பி.எம். (அதாவது லிட்டருக்கு 500 மில்லிகிராம்) வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது தரவிதி. ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் 600-ம் 1,900-ம் பார்த்திருக்கிறேன். மீஞ்சூர்ப் பக்கம் பல வருஷம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சி, கடல்நீரே உள்ளே புகுந்துவிட்டது. அங்கே சில கிணறுகளில் கை கழுவினாலே பிசுபிசுக்கும்.

அதிகம் பேர் ஏமாறும் ஒரு புதிரைச் சொல்கிறேன். "பழைய மீனெல்லாம் நல்லா இருக்கு சிஸ்டர், புதுசா வாங்கி விடுறது மட்டும் ரெண்டே நாள்ல செத்துப் போகுது. கடைக்காரன் நோய் மீனை வித்துட்டான்." இந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். பெரும்பாலும் கடைக்காரர் மேல் தப்பு இருக்காது. நூறு லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். சென்னை வெயிலுக்கு, ஃபேன் காற்று படும் கூடத்தில், வாரம் பத்து லிட்டர் ஆவியாகிறது. குறைந்த இடத்தை 1,200 பி.பி.எம். போர் தண்ணீரால் நிரப்புகிறோம். அந்தப் பத்து லிட்டரில் 12 கிராம் உப்பு இருக்கிறது. ஆவியாகிப் போனது வெறும் தண்ணீர். உப்பு தொட்டியிலேயே நின்றுவிட்டது. ஆக, வாரத்துக்கு 120 பி.பி.எம். ஏறும். எட்டு வாரத்தில் 1,200-ல் தொடங்கிய தொட்டி 2,160-க்குப் போயிருக்கும். கொஞ்சம் சுண்ணாம்பு, கண்ணாடியில் வெள்ளைக் கோடாகப் படிந்து கணக்கைச் சற்றே குறைக்கும், அவ்வளவுதான்.

உள்ளே இருக்கும் மீன் வாரத்துக்கு வாரம் மெல்ல மெல்லப் பழகிவிட்டது. கடையில் 500 பி.பி.எம். தண்ணீரில் இருந்த புது மீனை நேராக 2,160-ல் விடுகிறோம். நன்னீர் மீனின் ரத்தத்தில் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம். உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊறுவதுபோல, மீனின் உடம்புக்குள் தண்ணீர் சதா நுழைந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும், செவுள் வெளியிலிருந்து உப்பை இழுத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையின் வேகத்தை மாற்றிக்கொள்ள உடம்புக்கு நேரம் தேவை. ஒரே நிமிஷத்தில் தண்ணீர் மாறினால் அது தடுமாறிப் போகும். தொட்டியின் டி.டி.எஸ்.ஸை அளந்துவிட்டு, கடைப் பையில் உள்ள தண்ணீரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் பெரிது என்றால், பையை ஒரு சின்ன வாளியில் கவிழ்த்து, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றிரண்டு மணி நேரம் விழ விடுங்கள். பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

குறைந்த தண்ணீரை நிரப்புவது வேறு, தண்ணீர் மாற்றுவது வேறு. பலர் வருஷக்கணக்காக நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை தொட்டியின் ஐந்தில் ஒரு பங்கை வெளியே எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினால்தான் உப்பு வெளியேறும். ஆவியானதை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றலாம்.

போர் தண்ணீரைப் பம்ப் போட்டவுடன் நேராகத் தொட்டியில் விடாதீர்கள். பூமிக்கடியிலிருந்து வரும்போது அதில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு, கார்பன் டை ஆக்ஸைடு அதிகம். அப்போது பி.எச். பார்த்தால் 7 காட்டும். ஏர் பம்ப் போட்டு ராத்திரி முழுக்க வைத்துவிட்டுப் பார்த்தால் அந்த வாயு பறந்து 7.8-க்கோ 8-க்கோ ஏறியிருக்கும். இரும்புச் சத்துள்ள போராக இருந்தால், பிடிக்கும்போது கண்ணாடியாக இருந்த தண்ணீர் காலையில் துருநிறமாகிவிடும். அந்தத் துரு வாளியில் படிவதே நல்லது. தொட்டிக்குள் நடந்தால் செவுளில் போய் ஒட்டும். அடியில் தங்கியதை விட்டுவிட்டு மேல் தண்ணீரை எடுங்கள்.

பி.எச். என்றவுடன் ஒரு சின்ன பாட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பி.எச்.-ஐக் குறைக்கும் திரவம். அதில் இருப்பது அமிலம். நம் போர் தண்ணீரில் பைகார்பனேட் ஏராளம். ஊற்றிய அமிலத்தை அது விழுங்கிவிடும். ராத்திரி 7 காட்டிய தொட்டி காலையில் மறுபடி 8-ல் நிற்கும். மறுபடி ஊற்றுவார்கள். பி.எச். 8-ல் நிலையாக நிற்பது பல மீன்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. தினம் ஏறி இறங்குவதுதான் கொல்லும். நாட்டு வாதாம் இலையும் அப்படித்தான். தெருவில் உதிர்ந்த காய்ந்த இலையைக் கழுவிப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். ஃபைட்டர் மீனுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் கடினத் தண்ணீரின் பி.எச்.-ஐ அசைக்கும் பலம் அந்த இலைக்கு இல்லை.

பி.எச். அதிகமான வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது அம்மோனியா. ஒரே அளவு அம்மோனியா பி.எச். 7-ல் இருக்கும்போது அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் கடும் விஷ வடிவத்தில் இருக்கும். பி.எச். 8-ல் அது ஐந்து சதவீதத்தை எட்டும். அதனால் போர் தண்ணீர்த் தொட்டியில் தீனி மிஞ்சவே கூடாது. குழந்தைகள் பாசத்தில் அள்ளிப் போடுவார்கள். தீனி டப்பாவை உயரத்தில் வையுங்கள்.

"சாஃப்ட்னர் போட்டிருக்கோமே மேடம், தண்ணி நல்லா நுரைக்குது" என்பார்கள். சாஃப்ட்னர், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. சோப்பு நுரைக்கும், கெய்சரில் உப்புப் படியாது. மீட்டரில் பாருங்கள், டி.டி.எஸ். அப்படியேதான் இருக்கும். உப்பு குறையவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. கப்பிக்கும் மோலிக்கும் தேவையான கால்சியம் மட்டும் போய்விட்டது. மீனுக்கு சாஃப்ட்னருக்கு முந்தைய குழாயிலிருந்து பிடிப்பதே மேல்.

ஆர்.ஓ. உப்பை உண்மையாகவே எடுக்கும். ஆனால் அதை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்பினால் பைகார்பனேட் தாங்கல் இருக்காது. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் சேர்ந்து, ஒருநாள் பி.எச். சரிந்து விழும். கலந்து பயன்படுத்துவதே முறை. போர் 1,400, ஆர்.ஓ. 50 என்றால், ஒரு பங்கு போருக்கு நாலு பங்கு ஆர்.ஓ. கலந்தால் 320 வரும். பெரும்பாலான மீன்களுக்கு அது அருமையான தண்ணீர்.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்கப் பல நேரம் இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் நான் போன வீடுகளில் பெண்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், முழுக்க ஆர்.ஓ.வை நம்பி வாழும் டிஸ்கஸ் மீனைப் பெரிய தொட்டியில் வைக்க என்னிடம் யோசனை கேட்டால், வேண்டாம் என்றே சொல்கிறேன். வருமானம் போகிறது, போகட்டும். வைத்தே தீருவேன் என்பவர்கள், தள்ளும் தண்ணீரைப் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்த வேண்டும்.

மழைத்தண்ணீர் இருக்கிறதே. 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாய் ஏற்கெனவே மாடியிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முதல் மழையை விட்டுவிடுங்கள், அது மாடித் தூசியையும் புறா எச்சத்தையும் கழுவும். அடுத்தடுத்த மழையை மூடிபோட்ட டிரம்மில் பிடித்து வெயில் படாமல் வையுங்கள். புதிதாகச் சிமெண்ட் பூசிய மாடியும் துத்தநாகத் தகரக் கூரையும் மட்டும் வேண்டாம். ஆர்.ஓ. செய்யும் வேலையை இந்தத் தண்ணீர் காசில்லாமல் செய்யும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது. அம்பத்தூரில் ஒரு தாத்தா, பேத்திக்கு நியான் டெட்ரா வேண்டும் என்று கேட்டார். வீட்டில் போர், 1,800. நியான் டெட்ரா அமேசான் காட்டின் இலைச்சாறு ஊறிய, உப்பே இல்லாத அமிலத் தண்ணீரைச் சேர்ந்தது. பண்ணையில் வளர்ந்தவை கொஞ்சம் தாங்கும், ஆனால் 1,800 கொடுமை. "அம்மாடி, பேத்தி கலர் மீன்தான் கேக்குறா. பேரு எதுவா இருந்தா என்ன?" என்றார் அவர். கறுப்பு மோலியும் சிவப்பு பிளாட்டியும் விட்டோம். மோலியும் பிளாட்டியும் ஸ்வார்ட் டெயிலும் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மீன்கள். கடினத் தண்ணீரில் செழிக்கும். மோலி உவர்நீரிலும் வாழும். இப்போது அந்தத் தொட்டியில் குஞ்சுகள் இடம் கொள்ளவில்லை, எதிர்வீட்டுக்கும் கொடுக்கிறார். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்களும் பி.எச். 8-ஐ விரும்பும், சண்டைக்காரர்கள் என்பதால் பெரிய தொட்டி வேண்டும். ஏஞ்சல், கோல்ட் ஃபிஷ் வாங்கினால், வெளியூரிலிருந்து பையில் வந்து இறங்கியதா, இங்கேயே உள்ளூர்த் தண்ணீரில் பொரித்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். கொளத்தூரில் கேட்டால் சொல்வார்கள்.

மெட்ரோ வாட்டர் மட்டும் வரும் வீட்டுக்கு இந்த உப்புத் தொல்லை குறைவு. ஆனால் அதுவும் ஒரே தண்ணீர் இல்லை. வீராணம் ஏரியிலிருந்து வரலாம், கண்டலேறு வழியாகக் கிருஷ்ணாவிலிருந்து வரலாம், நெம்மேலியில் உப்பு நீக்கிய கடல்நீராக இருக்கலாம். மாதம் ஒருமுறையாவது மீட்டரை வைத்துப் பாருங்கள். மே மாதம் மதியத்தில் மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதிக்கும். 25 டிகிரியில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜனைத் தாங்கும் தண்ணீர், 35 டிகிரியில் ஏழைத்தான் தாங்கும். கோடையில் விடியற்காலையில் பிடித்து நிழலில் வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் கணக்கு தலைகீழாகும். போரில் நல்ல தண்ணீர் இறங்கி, அக்டோபரில் 1,500 காட்டிய குழாய் டிசம்பரில் 800 காட்டும். குழாய் நீரில் கலங்கல் வரும், கிருமிக்குப் பயந்து குளோரினைக் கூட்டுவார்கள். அந்த மாதங்களில் தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் வாளியையும் தொட்டியையும் அளந்துவிட்டே ஊற்றுங்கள். இரண்டுக்கும் முந்நூறு நானூறு பி.பி.எம். வித்தியாசம் இருந்தால் ஒரே தடவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம். இரண்டு நாள் விட்டு மறுபடி பத்தில் ஒரு பங்கு மாற்றலாம்.